பீட்டிலா, முதல் கோல்ஃபா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஃபோக்ஸ்வாகன் ஒன்றை வாங்க நினைப்பவர்களும், வாங்கப் போவதில்லை என்றாலும் ஆசைக்குப் படிப்பவர்களும் கேட்கும் கேள்விகளைத் திரட்டியிருக்கிறேன். பீட்டில் என்று இங்கே சொல்வது இன்ஜின் பின்னால் இருக்கும், காற்றால் குளிரும் அசல் வண்டியை. தொண்ணூறுகளின் இறுதியில் அதே சாயலில் வந்த நியூ பீட்டில் வேறு கதை. கோல்ஃப் என்றால் 1974 முதல் 1983 வரை ஜெர்மனியில் உருவான முதல் தலைமுறை.

பென்ஸ், போர்ஷே எல்லாம் இருக்க, ஏன் இந்த இரண்டு?

இரண்டும் ஒரே ஆலையில் பிறந்தவை, அதுவும் ஒன்றின் இடத்தைப் பிடிக்கவே மற்றது செய்யப்பட்டது. வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் 1974 மார்ச் 29-ல் கோல்ஃப் உற்பத்தி தொடங்கியது. மூன்று மாதம் கழித்து, ஜூலை 1-ல், அங்கே கடைசி பீட்டில் வெளியே வந்தது. ஒன்று முப்பதுகளின் சிந்தனை, மற்றது எழுபதுகளின் சிந்தனை. ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டிலும் 2,400 மில்லிமீட்டர். அதே இடைவெளிக்குள் இரண்டு தலைமுறைப் பொறியாளர்கள் என்னென்ன செய்தார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை.

பீட்டில் ஹிட்லரின் கார்தானா?

ஆமாம். இதை மழுப்பத் தேவையில்லை. 1934-ல் ஜெர்மன் கார்த் தொழில் சங்கம் ஃபெர்டினாண்ட் போர்ஷேயிடம் வடிவமைப்பு வேலையை ஒப்படைத்தது. விலை அன்றைய ஜெர்மன் நாணயத்தில் 990 ரைஷ்மார்க்குக்குள் இருக்க வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. அந்த விலைக்கு லாபத்தோடு இப்படி ஒரு காரைச் செய்ய முடியாது என்று அன்றைய கார் கம்பெனிகளுக்குத் தெரியும். அதனால் நாஜிகளின் தொழிலாளர் முன்னணியே ஆலை கட்ட இறங்கியது. 1938 மே 26-ல் ஃபாலர்ஸ்லேபன் அருகே, இன்றைய வோல்ஃப்ஸ்பர்க்கில், ஹிட்லர் அடிக்கல் நாட்டினார்.

அப்புறம் சேமிப்புத் திட்டம் ஒன்று வந்தது. வாரம் குறைந்தது 5 மார்க் கட்டி, அட்டையில் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டே வந்தால், முழுத் தொகை சேர்ந்ததும் கார். ஏறக்குறைய 3,36,000 பேர் சேர்ந்தார்கள். ஒருவருக்குக்கூட கார் கிடைக்கவில்லை. போர் தொடங்கியதும் ஆலை ராணுவ வண்டிகளுக்குத் திரும்பியது. போர்க்காலத்தில் அங்கே சுமார் 20,000 பேர் கட்டாய வேலை வாங்கப்பட்டார்கள்: போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள், பிடித்து வரப்பட்ட கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள். பணம் கட்டி ஏமாந்தவர்களின் வழக்கு போருக்குப் பிறகு பல வருடம் நடந்து 1961-ல்தான் முடிந்தது. புதிய ஃபோக்ஸ்வாகன் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி, வேண்டாம் என்றால் 100 மார்க் ரொக்கம் என்று தீர்வானது.

பிறகு எப்படி உலகமே விரும்பும் வண்டி ஆனது?

போர் முடிந்தபோது ஆலை பிரிட்டிஷ் ராணுவத்தின் கையில் இருந்தது. பொறுப்பேற்ற மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் ஒரு பொறியாளர். இயந்திரங்களைப் பிரித்து எடுத்துப் போவதற்குப் பதில் ஆலையை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தவர். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வண்டிப் பற்றாக்குறை இருந்ததால் 20,000 கார்களுக்கு ஆர்டர் கிடைத்தது. 1945 டிசம்பர் இறுதியில் தொடர் உற்பத்தி ஆரம்பித்தது. பிரிட்டிஷ் கார் கம்பெனிகள் வந்து பார்த்துவிட்டு இது தேறாது என்று கைவிட்டுப் போனது தனிக் கூத்து.

1948 ஜனவரியில் தலைமைக்கு வந்த ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃப், ஓப்பலில் வேலை பார்த்தவர். அவர் பிடிவாதம் ஒன்றுதான்: புது மாடல் வேண்டாம், இருப்பதையே வருடா வருடம் திருத்து. பின் கண்ணாடி 1953 வரை நடுவே பிரிந்து இருந்தது, பிறகு முட்டை வடிவமானது, 1957-ல் அகலமானது. ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு போல்ட், ஒரு பூட்டு, ஒரு விளக்கு மாறியது. இப்படியே 1955 ஆகஸ்டில் 10 லட்சமாவது வண்டி வந்தது. 1972 பிப்ரவரியில் 1,50,07,034-வது வண்டியோடு அதிகம் உற்பத்தியான கார் என்ற ஃபோர்டு மாடல் டி-யின் சாதனை முறிந்தது.

இன்ஜினைப் பின்னால் வைத்தது ஏன்? காற்றால் குளிர வைப்பதில் என்ன லாபம்?

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஓட்டும் சக்கரமும் ஒரே இடத்தில் இருந்தால் நடுவே நீண்ட புரோப்பெல்லர் ஷாஃப்ட் தேவையில்லை. எடை குறையும், தரை தாழும், செலவும் மிச்சம். பாரம் ஓட்டும் சக்கரத்தின் மேலேயே இருப்பதால் பனியிலும் சேற்றிலும் பிடிமானம் நன்றாக இருக்கும். மலையில் ஏறவும் அதுவே உதவும்.

தண்ணீர் இல்லை என்றால் ரேடியேட்டர், பம்ப், ஹோஸ் எதுவும் இல்லை. ஜெர்மன் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து இன்ஜின் வெடிக்குமோ என்ற பயமும் இல்லை. அன்றைக்கு ஜெர்மனியில் பலருக்கு கராஜ் கிடையாது, ராத்திரி வண்டி தெருவில்தான் நிற்கும். அதனால் இது பெரிய விஷயம். நான்கு சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். டைனமோவின் அச்சிலேயே விசிறி. ஒரே பெல்ட் இரண்டையும் சுற்றும். பெல்ட் அறுந்தால் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரியும், அந்த விநாடியில் குளிர்ச்சியும் நின்றுபோயிருக்கும். அதனால் பீட்டில்காரர்கள் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். மற்ற கார்களைப் போல வீடு வரை ஓட்டிப் பார்ப்பதில்லை.

குறைகளும் உண்டு. ஹீட்டர் சூடு எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி வரும் காற்றிலிருந்து வருகிறது. அந்தப் பெட்டி துருப்பிடித்து ஓட்டையானால் புகை உள்ளே வரும். ஆயில் கூலர் விசிறிக் கூண்டுக்குள் மூன்றாவது சிலிண்டருக்குக் காற்று போகும் வழியில் உட்கார்ந்திருக்கும். அந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் கருகும். எழுபதுகளின் தொடக்கத்தில்தான் கூலரைத் தள்ளி வைத்தார்கள்.

இவ்வளவு விற்ற வண்டியை ஏன் கைவிட்டார்கள்?

விற்றதுதான் வினை. நோர்ட்ஹோஃப் காலத்தில் வந்த பெரிய மாடல்களும் அதே சூத்திரம்தான். 1961-ன் டைப் 3, 1968-ன் 411 இரண்டிலும் இன்ஜின் பின்னால், குளிர்ச்சி காற்றால். அதற்குள் ஃபியட்டும் பிரிட்டிஷ் மினியும் இன்ஜினை முன்னால் குறுக்கே படுக்க வைத்து, சின்ன காருக்குள் பெரிய இடம் காட்டிவிட்டன. 1968-ல் நோர்ட்ஹோஃப் காலமானபோது கம்பெனிக்குக் கையில் மாற்று இல்லை.

அடுத்து வந்த கர்ட் லோட்ஸ் காலத்தில் போர்ஷே நிறுவனம் ஈஏ 266 என்ற திட்டத்தில் வேலை செய்தது. அதில் இன்ஜின் பின் சீட்டுக்கு அடியில் இருந்தது. கேட்கவே மெக்கானிக்குக்குத் தலை சுற்றும். 1971-ல் தலைமைக்கு வந்த ருடால்ஃப் லைடிங் அதை ஒரே வீச்சில் நிறுத்தினார். எவ்வளவோ பணம் செலவான பிறகு. என் கணிப்பில் ஃபோக்ஸ்வாகன் வரலாற்றிலேயே மிகத் துணிச்சலான முடிவு அதுதான், கோல்ஃபின் வடிவத்தைவிடவும்.

காப்பாற்றியது வாங்கிச் சேர்த்த கம்பெனிகளின் அறிவு. அறுபதுகளில் பென்ஸிடமிருந்து ஆட்டோ யூனியனை வாங்கினார்கள், அதுதான் இன்றைய ஔடி. 1969-ல் என்எஸ்யூ என்ற கார் கம்பெனி வந்தது. முன் இன்ஜின், முன்சக்கர ஓட்டம், தண்ணீர்க் குளிர்ச்சி என்ற மூன்றும் தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். கோல்ஃபின் 1.5 லிட்டர் இன்ஜின் ஔடியில் உருவான குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குள் 1973-ன் எண்ணெய் நெருக்கடி வேறு வந்து சேர்ந்தது. 1974-ல் கம்பெனிக்கு 80 கோடி மார்க்குக்கும் மேல் நஷ்டம். கோல்ஃப் ஓடாமல் போயிருந்தால் வோல்ஃப்ஸ்பர்க்கின் கதை என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கவே வேண்டாம்.

கோல்ஃபை வரைந்தது யார்?

இத்தாலியின் ஜோர்ஜெட்டோ ஜுஜாரோ, தன் இட்டால்டிசைன் நிறுவனத்தின் வழியாக. 1969 டூரின் கண்காட்சிக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் குழு தங்களுக்குப் பிடித்த கார்களைப் பட்டியலிட்டதாம். அதில் பாதிக்கு மேல் அவர் வரைந்தவை. பிறகு அவர் ஜெர்மனிக்குப் போனபோது, அங்கே ஒரு ஃபியட் 128-ஐப் பாகம் பாகமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். போட்டியாளனைப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள், மறைக்கவும் இல்லை.

அவர் கொடுத்த முதல் வடிவத்தில் முன்விளக்குகள் செவ்வகமாக இருந்தன. செலவைக் குறைக்க வட்டமாக மாற்றினார்கள். இன்று பார்த்தால் அந்த வட்ட விளக்குதான் முகத்துக்கே அழகு. பீட்டிலில் வளைவு இல்லாத இடமே கிடையாது, கோல்ஃபில் வளைவைத் தேட வேண்டும். பின்பக்கத்தில் அந்தத் தடித்த தூண் மட்டும் அடுத்தடுத்த கோல்ஃப்களிலும் தொடர்ந்து வருகிறது.

அளவில் எது பெரிது?

வெளியே பார்த்தால் பீட்டில். நீளம் நான்கு மீட்டரைத் தாண்டும். கோல்ஃப் 3.70 மீட்டர்தான், ஆனால் 1.61 மீட்டர் அகலத்தோடு பீட்டிலைவிட ஆறேழு சென்டிமீட்டர் அதிகம். பீட்டில் தன் அகலத்தின் ஒரு பகுதியை மட்கார்டுகளுக்கும் கால்மிதிப் பலகைகளுக்கும் தாரை வார்த்துவிடும். அதனால் உள்ளே உட்கார்ந்ததும் தோள் உரசும். கோல்ஃபில் சக்கரங்கள் நான்கு மூலைக்கும் தள்ளி நிற்கின்றன, நடுவில் உள்ள எல்லாம் ஆட்களுக்கு.

சாமான் வைக்கும் இடத்தில் போட்டியே இல்லை. பீட்டிலில் முன் பானெட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்கையும் ஸ்டெப்னியையும் சுற்றிக் கிடைக்கும் இடம், அப்புறம் பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு குழி. கோல்ஃபில் சுமார் 350 லிட்டர் டிக்கி, பின்கதவு கண்ணாடியோடு மேலே தூக்கும், சீட்டை மடக்கினால் அலமாரியே ஏற்றலாம்.

ஓட்டும்போது என்ன வித்தியாசம்?

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் எண்களில் இது தெரியாது.

34 குதிரைத்திறன் கொண்ட 1200 பீட்டிலின் உச்ச வேகம் மணிக்கு 115 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நாள் முழுக்க ஓட்டலாம், இன்ஜின் முனகாது. அப்படித்தான் அதை வடிவமைத்தார்கள், ஜெர்மன் விரைவுச்சாலையான ஆட்டோபானில் உச்ச வேகமே பயண வேகமாக இருக்க வேண்டும் என்று. ஸ்டியரிங் லேசு, ஏனென்றால் முன்னால் பாரம் இல்லை. அதே காரணத்தால் பக்கக் காற்று அடித்தால் வண்டி தடம் விலகும். பாலத்தின் மேல் லாரி ஒன்று முந்திப் போனால் கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருப்பது நல்லது.

வளைவில் கவனம் தேவை. பழைய பீட்டில்களின் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் தொங்குகின்றன. வேகமாக வளைவுக்குள் நுழைந்து, பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கும், வெளிச்சக்கரம் உள்ளே மடியும், பாரம் எல்லாம் பின்னால் என்பதால் வால் முந்திவிடும். 1966 ஆகஸ்டில் வந்த 1500-ல் பின்னால் ஒரு சமன் செய்யும் கம்பியும் முன்னால் டிஸ்க் பிரேக்கும் சேர்த்தார்கள். 1970-ன் 1302 மாடலில் பின்சக்கர அமைப்பையே மாற்றினார்கள். நிதானமாக ஓட்டுபவருக்கு இதெல்லாம் தெரியாமலேயே போகலாம். மழையில் அவசரப்படுபவருக்குத் தெரிந்துவிடும்.

கோல்ஃப் இதற்கு நேர் எதிர். அடிப்படை மாடலில் 1.1 லிட்டர், 50 குதிரைத்திறன். மேலே 1.5 லிட்டர், 70 குதிரைத்திறன், உச்ச வேகம் சுமார் 160. பீட்டிலின் எடைக்குப் பக்கத்திலேயே இதன் எடையும் இருப்பதால் சும்மா பறக்கும். பின்னால் முறுக்குப் பீம் அச்சு, எளிமையானது, மலிவானது, பிறகு உலகத்தின் பாதிச் சின்ன கார்கள் பின்பற்றியது. பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டி வளைவுக்குள் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். ஹீட்டர் நிஜமாகவே சுடும். வைப்பர் தண்ணீரைக்கூடச் சொல்லலாம்: அறுபதுகளின் பீட்டிலில் கண்ணாடி கழுவும் நீரை ஸ்டெப்னி டயரின் காற்றழுத்தம்தான் பீய்ச்சியது! 1961 வரை பெட்ரோல் முள்ளும் இல்லை. வண்டி திணறினால் காலால் ஒரு லீவரைத் திருப்பி ரிசர்வுக்குப் போக வேண்டும். நம் ஊர் பைக்காரர்களுக்கு இது புதிதல்ல.

ஜிடிஐ-க்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஜிடிஐ என்பது கோல்ஃபின் வேகமான வடிவம். மேலிடம் கேட்காமல் பிறந்த வண்டி என்பதால் இந்த மவுசு. பொறியாளர் அல்ஃபோன்ஸ் லோவன்பெர்க், பத்திரிகைத் தொடர்பாளர் அன்டன் கொன்ராட் போன்ற ஒரு சின்னக் குழு, ஆரம்பத்தில் அலுவல் திட்டம் எதுவும் இல்லாமலேயே இதைத் தொடங்கியது. 1975 ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டி, 1976-ல் விற்பனைக்கு விட்டார்கள். 1.6 லிட்டர், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், 110 குதிரைத்திறன், மணிக்கு 182 கிலோமீட்டர். விலை 13,850 மார்க். பந்தய விதிக்குத் தேவையான 5,000 வண்டி போதும் என்று நினைத்தார்கள். முதல் தலைமுறை முடிவதற்குள் நான்கரை லட்சம் தாண்டியது. கட்டம் போட்ட சீட்டுத் துணியும் கோல்ஃப் பந்து கியர் பிடியும் குன்ஹில்ட் லில்யேக்விஸ்ட் என்ற வடிவமைப்பாளரின் யோசனை.

மொத்தத்தில் எது அதிகம் விற்றது?

கோல்ஃப் 2002 ஜூனில் பீட்டிலைத் தாண்டியது. ஆனால் அது நான்கு தலைமுறைகளைக் கூட்டிய கணக்கு. ஒரே வண்டியாக, திருத்தித் திருத்தி, மெக்சிகோவின் புவெப்லாவில் 2003 ஜூலை 30 வரை ஓடிய பீட்டிலின் எண்ணிக்கை 2,15,29,464. அதற்குப் போட்டி இல்லை.

வாங்கப் போனால் எங்கே குனிந்து பார்க்க வேண்டும்?

இரண்டிலும் எதிரி துருதான். இன்ஜினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பீட்டிலில் கதவுக்கு அடியில் ஓடும் ஹீட்டர் குழாய்ப் பெட்டிகளைத் தட்டிப் பாருங்கள். உடல் உறுதி அதில்தான் இருக்கிறது, மாற்றுவது பெரிய டின்கரிங் வேலை. பின் சீட்டைத் தூக்குங்கள். பேட்டரி அங்கேதான், அதன் அமிலம் தரைத் தகட்டைத் தின்றிருக்கும். இன்ஜின் அறையில் பெட்ரோல் ஹோஸ்களை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். பழைய ஹோஸ் கசிந்து எரிந்துபோன பீட்டில்கள் ஏராளம்.

கோல்ஃபின் முதல் சில வருடத் தகடுகள் துருவுக்குப் பேர் போனவை. முன் மட்கார்டு, முன்கண்ணாடியின் கீழ் ஓரம், பெட்ரோல் ஊற்றும் கழுத்து ஆகிய மூன்றையும் பாருங்கள். கழுத்தில் பிடித்த துரு டேங்குக்குள் உதிர்ந்து, ஜிடிஐ-யாக இருந்தால் இன்ஜெக்‌ஷன் வரை போய் அடைக்கும். முன்கண்ணாடிப் பக்கம் தண்ணீர் கசிந்தால் அது நேரே ஃபியூஸ் பெட்டிக்கு இறங்கும், பிறகு மின்சாரப் பேய்கள்தான். வலது பக்க ஸ்டியரிங் உள்ள ஜிடிஐ-யில் பிரேக் பெடலிலிருந்து குறுக்கே ஒரு கம்பி போகிறது, அதனால் பிரேக் மந்தம். அது பழுது அல்ல, பிறவிக் குணம்.

பாகங்கள் கிடைக்குமா? எந்த மெக்கானிக்கிடம் போவது?

பீட்டிலுக்குக் கிடைக்காத பாகம் குறைவு. புது ஃப்ளோர் பேன், அதாவது தரைத் தகடுகூட, வாங்கலாம். இன்ஜினை நான்கு போல்ட்டில் பிடித்திருக்கிறார்கள், பழகிய கைகள் மதியச் சாப்பாட்டுக்கு முன் இறக்கிவிடும். ஆனால் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை வால்வு இடைவெளி சரி பார்க்க வேண்டும். ஆயில் இரண்டரை லிட்டர்தான், ஃபில்டர் கிடையாது, ஒரு சல்லடை மட்டும். அதனால் ஆயில் மாற்றுவதில் சோம்பல் கூடாது. கோல்ஃபுக்கு இன்ஜின் பாகங்கள் எளிது, உள் அலங்காரம் கடினம். 1974–75-ன் டாஷ்போர்டு உடையாமல் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஜெர்மனியில் இவற்றுக்குச் சலுகை உண்டா?

30 வயது தாண்டி, அசல் நிலையில் பராமரித்த வண்டிக்கு நம்பர் பிளேட்டின் கடைசியில் எச் எழுத்து கிடைக்கும். இன்ஜின் அளவு எதுவானாலும் ஆண்டு வரி ஒரே தொகை, 191 யூரோ. சின்ன இன்ஜின் பீட்டிலுக்கு இதில் லாபம் பெரிதல்ல. நகரங்களின் மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் தடையின்றிப் போகலாம் என்பதுதான் நிஜமான பலன்.

நம் பக்கம் இவை ஓடியதுண்டா?

இலங்கையில் பீட்டில் நன்றாகவே ஓடியது, இன்றும் ஓடுகிறது. அதற்கென்று உரிமையாளர் சங்கமே உண்டு. இந்தியாவில் இறக்குமதிக் கெடுபிடியால் அபூர்வம். முதல் தலைமுறை கோல்ஃப் இங்கே அதிகாரபூர்வமாக விற்கப்படவே இல்லை. கோல்ஃப் ஜிடிஐ இந்திய ஷோரூமுக்கு வந்தது 2025-ல், அதுவும் எட்டாம் தலைமுறை.

சரி, ஒன்றுதான் வாங்கலாம் என்றால் எது?

தினமும் ஓட்ட கோல்ஃப். ஞாயிற்றுக்கிழமைக்கும் சொந்தக் கையால் பழுது பார்க்கவும் பீட்டில். காராக மட்டும் எடைபோட்டால் கோல்ஃப் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் மேல், அதைச் சொல்லத் தயங்குவது பழமைப் பாசம். பீட்டில் என்று முடிவு செய்தால் 1967 மாடல் 1500-ஐத் தேடுங்கள்: 44 குதிரைத்திறன், முன்னால் டிஸ்க், அதோடு பழைய மெல்லிய பம்பர். கோல்ஃப் என்றால் 1974-ன் அடிப்படை மாடலைத் தவிருங்கள், அதில் முன்சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். எழுபதுகளின் இறுதியில் வந்த 70 குதிரைத்திறன் வண்டி போதும். ஜிடிஐ-க்கு இன்று கேட்கும் விலையில் நல்ல பீட்டில் ஒன்றை வாங்கி, மீதியில் அதற்குப் பெயின்ட்டும் அடித்துவிடலாம்.